ஒரே மோட்டுவளை

கொத்தனார் நம்பர்தான வேணும்? தாரேன் தம்பி, தராம எங்க போவேன். முதல்ல அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ போடுங்க. என்ன, மேலயே பாக்கிய? காங்கிரீட்டுதான். தை மாசம்தான் சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சோம். பூச்சுவேலை இன்னும் பாக்கி கிடக்கு. பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா மத்தியானம் கொதிக்கு பாருங்க ஒரு கொதி! இத்தனை காலம் ஓட்டுக்குக் கீழ படுத்த உடம்பு, இப்பம் வெந்து போவுது. இதை ஒருத்தரும் எங்கிட்ட முன்னாடியே சொல்லல. நீங்க போட்டா மொட்டமாடியில வெள்ளை ஓடு பதிச்சிருங்க, கொஞ்சம் தணியுமாம்.

மேட்டுத் தெருவுல டீச்சரம்மா வீட்டைத்தான வாங்கியிருக்கிய? கேள்விப்பட்டேன். நல்ல வீடு. சீமை ஓடு. ஆனா இந்த மலையடிவாரத்துல குரங்கு விடுமா? எங்க வீட்டுலயும் அதே கதைதான். ஒரு குட்டி குதிச்சா ரெண்டு ஓடு போச்சு. மழை பேஞ்சா அடுக்களையில சட்டி, நடுவீட்டுல குடம், கட்டில் மேல அண்டா. எங்க வீட்டுக்காரவுக மில்லுல இருந்து ரிடையர் ஆகி வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், கூரையை மாத்தணும்னு. அவுக எதுக்குத்தான் எதிர்த்து வாயத் தொறந்திருக்காவ? "சரி ஆவுடை"ன்னாவ. ஆவுடைங்கது நான்தான். ஆவுடையம்மா.

சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஓட்டுல கை வைக்கதுக்கு முன்னால செவுரைப் பாக்கணும். எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாவ, கீழ என்ன இருக்குன்னு பாக்க மாட்டாவ. மண்சுவரு காங்கிரீட்டைத் தாங்காது. மூலைக்கு மூலை பில்லர் எடுத்தாகணும். பெறவு, சென்ட்ரிங் சாமான் பூராவும் வாசல்ல வந்து இறங்குன பெறவுதான் முதல் ஓட்டை எடுக்க விடணும். நாளைக்கு வந்துரும், நாளன்னைக்கு வந்துரும்பான். நம்பாதிய. தார்ப்பாய் ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி வச்சுக்கிடுங்க. அதைவிட முக்கியம், ஐப்பசியில கூரையைத் தொடவே தொடாதிய. ஐப்பசி மழையை நம்பி ஒருத்தன் துணி காயப்போடுவானா? அதுல கூரையைப் பிரிக்கலாமா?

பின்ன நீங்க ஏன் பிரிச்சியன்னு கேக்கிய. எங்க நிலைமை அப்படி தம்பி. ஆடியில வேலை தொடங்கக் கூடாது. ஆவணியில கொத்தனாருக்கு நேரமில்ல. புரட்டாசியிலதான் மாசானம் கொத்தனாரு வந்து நின்னாரு. வந்தவரை விட்டா பெறவு எப்பம் கிடைப்பாரு?

இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. ஒட்டுன வீட்டுல யாரு இருக்காங்கதைப் பாக்கணும். உங்க வீடு தனி வீடுல்லா? புண்ணியம் செஞ்சவுக. எனக்கு அப்படி இல்ல. இந்தா, உங்க முதுகுக்குப் பின்னால ஒரு செவுரு இருக்கே, அதுக்கு அங்கிட்டு எங்க கொழுந்தன் வேலாயுதம் வீடு. ஒரு காலத்துல இது பூராவும் ஒரே வீடு. எங்க மாமனார் கட்டுனது. தெருவைப் பாத்து ஒரு சரிவு, பின்னால ஒரு சரிவு, நடு உச்சியில, ரெண்டு சரிவும் சேருத இடத்துல மோட்டுவளை உத்திரம். மாமனார் போன பெறவு பாகம் பிரிச்சாவ. மூத்தவுகன்னு எங்களுக்கு முன்பாதி. வேலாயுதத்துக்குப் பின்பாதி, முடுக்கு வழியா சுத்திப் போவணும். மோட்டுவளைக்கு நேர் கீழ இந்தச் செவுரை எழுப்புனாவ. அதையும் முழுசா எழுப்பல. கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏத்தி அதோட நிறுத்திட்டாவ. அதுக்கு மேல மோட்டுவளை வரைக்கும் தொறந்துதான் கிடந்தது.

அதனால என்னன்னா, அந்தப் பக்கம் மிளகா வத்தல் வறுத்தா இந்தப் பக்கம் தும்மல். வடிவு, அதான் வேலாயுதம் பொண்டாட்டி, அவ போன்ல பேசுதது பூராவும் எனக்குக் கேக்கும். நான் எங்க வீட்டுக்காரவுகளை ஏசுததும் அவளுக்குக் கேக்கும். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேக்கது மட்டும் எல்லாம் கேக்கும்.

கொத்தனார்கிட்ட நான் பேசுனதையும் கேட்டிருக்கா. மறுநாள் காலையில பாத்தா வாசப்படியில நிக்கா. எத்தனை வருசம் கழிச்சு! உள்ள வான்னு நான் சொல்லல. அவளும் வரல. படியில நின்னுக்கிட்டே, "அக்கா, ரஞ்சனியை வளைகாப்பு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோம்க்கா"ன்னா. அதுவும் எனக்குத் தெரியும். வளையல் சத்தம் கேக்கத்தான செஞ்சுது. ரஞ்சனி அவ மக. கோவில்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு. தலைப்பிரசவம்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீட்டுல ஆணி அடிக்கதே ஆகாதும்பாவ. நீங்க கூரையைப் பிரிக்கப் போறியளாம்லா. பிள்ளை பிறக்கிற வரைக்கும் பொறுங்கக்கா. தையில தொடங்குங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்"னா.

நான் நிதானமாத்தான் பேசுனேன் தம்பி. கோவப்படல. "உன் வீட்டுல நான் ஒண்ணும் இடிக்கலியே. நீ வேற வீடு, நான் வேற வீடு"ன்னேன்.

"செவுருதான நடுவுல இருக்கு. கூரை ஒண்ணுதானக்கா?"ன்னா.

"இது அன்னைக்கு உனக்குத் தெரியலியா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. படியிறங்கிப் போயிட்டா.

அன்னைக்குன்னா என்னைக்குன்னு பாக்கியளோ? இதை நான் யார்கிட்டயும் சொல்லதில்ல. ஊருக்கே தெரியும், அதனால சொல்லதில்ல. இந்தச் செவுரை வேலாயுதம் எழுப்பும்போது நான் முழுகாம இருந்தேன். ஆறு மாசம். எனக்கும் தலைப்பிள்ளைதான். கடப்பாறையைப் போட்டு வீட்டுக்கு நடுவுல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுதானுவ. ஒவ்வொரு குத்தும் எனக்கு அடிவயித்துல விழும். வேண்டாம், பிள்ளை பிறந்த பெறவு எழுப்புங்கன்னு எத்தனை பேரு சொன்னாவ? வேலாயுதம் கேக்கல. அவன் எங்க கேப்பான், பொண்டாட்டி சொல்லைத்தான கேப்பான். செவுரு முடிஞ்ச வாரம் எனக்கு வலி வந்துட்டு. அம்பை ஆஸ்பத்திரியில போட்டாவ. பிள்ளை தங்கல. ஆம்பளைப் பிள்ளை. அதுக்குப் பெறவு ஒண்ணும் தங்கல.

நான் தனி அடுப்பு கேட்டது வாஸ்தவம்தான். அதைச் சொல்லிக் காட்டுவாவ, "பாகம் பிரிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது ஆவுடைதான்"னு. சேந்து பொங்கிச் சாப்பிடுத வீட்டுல ஆயிரம் இருக்கும். நான் அடுப்பைத்தான தனியாக் கேட்டேன்? செவுரையா கேட்டேன்? அதுவும் அந்த மாசத்துலயா கேட்டேன்? நீங்களே சொல்லுங்க.

சரி, அதை விடுங்க. கூரைக்கு வாரேன்.

கொத்தனாரு ஏறிப் பாத்துட்டு ஒரு விசயம் சொன்னாரு. ரெண்டு பக்கமும் ஓட்டைத் தாங்குத கைமரம் மோட்டுவளையில முட்டுக் குடுத்து நிக்காம். இந்தப் பக்கத்தை எடுத்துட்டா அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாம நிக்குமாம். "பின்வீட்டுக்குள்ள போயி, மோட்டுவளையைத் தாங்க நாலு முட்டுக் குடுக்கணும்மா. அவுககிட்டச் சொல்லிருங்க"ன்னாரு. நான் எப்படிச் சொல்ல? பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுல போயி, உங்க நடுவீட்டுல நாலு கம்பை நட்டுக்கிடுதோம்னு சொல்லவா? அதுவும் அன்னைக்குத்தான் அவ வந்து கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். "அது பாத்துக்கிடலாம், நீங்க வேலையைப் பாருங்க"ன்னேன். அவரும் பெறவு கேக்கல. ஒரு தடவைதான் சொன்னாரு தம்பி. ஒரு தடவை சொன்னா ஆச்சா? அம்புட்டு முக்கியம்னா அழுத்திச் சொல்லணும்லா? நம்ம பொம்பளை, நமக்கு என்ன தெரியும் கைமரமும் மோட்டுவளையும்? அதனாலதான் உங்ககிட்ட இப்பமே சொல்லுதேன். கொத்தனாரு நல்ல வேலைக்காரரு, ஆனா அரைகுறையாத்தான் சொல்லுவாரு. நீங்க கேட்டுக் கேட்டு வாங்கணும்.

எங்க வீட்டுக்காரவுக மட்டும் சாயங்காலம் மெதுவாச் சொன்னாவ. "தம்பிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்."

"போனா திரும்பி இந்த வாசலுக்கு வராதிய"ன்னேன். போகல. அவுக அப்படித்தான். எதுக்கும் முண்ட மாட்டாவ.

ஓட்டைப் பிரிச்சாச்சு. கைமரம், ரீப்பர் எல்லாம் இறக்கி முற்றத்துல அடுக்கியாச்சு. வானம் பாத்துச்சு வீடு. முதல் ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்தது, வெளிச்சமா. சென்ட்ரிங் சாமான் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு ஐப்பசி பிறந்துட்டு. வேற ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்காம் சாமான், அங்க முடிஞ்சாத்தான் இங்கயாம். மேல நீலத் தார்ப்பாயைக் கட்டி, இந்தச் செவுரோரமா கட்டிலைப் போட்டு நாங்க ரெண்டு பேரும் கிடந்தோம். காத்து அடிச்சா தார்ப்பாய் படபடன்னு அடிச்சுக்கும். அந்தப் பக்கம் ரஞ்சனி தூக்கத்துல புரண்டாக்கூட கட்டில் முனங்குதது கேக்கும். "அம்மா, மேல ஏதோ நெறுநெறுங்குது"ன்னு சொல்லுவா. "எலியா இருக்கும், தூங்கு"ன்னு வடிவு சொல்லுவா. எலி இல்ல. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது. மரம் சத்தம். பழைய மரம்னா சத்தம் போடத்தான செய்யும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வேலாயுதம் ஒரு நாளு தெருவுல எங்க வீட்டுக்காரவுகளை மறிச்சு, "அண்ணே, மோட்டுவளை உங்க பக்கமாச் சாயுத மாதிரி இருக்கே"ன்னு கேட்டிருக்கான். இவுக எங்கிட்ட வந்து சொன்னாவ. "அவன் வேலையை நிப்பாட்டதுக்கு ஏதாவது சொல்லுவான்"ன்னேன். சொல்லுவான்தான? மகளுக்காகச் சொல்லுவான். அவன் மகளுன்னா மட்டும் துடிக்கும்.

ஒண்ணு சொல்லுதேன் தம்பி, நம்புங்க. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைக்கல. ரஞ்சனி குழந்தையா இருக்கையில இந்தச் செவுருக்கு மேல பந்தைப் போடுவா. நான் திருப்பிப் போடுவேன். அவ மேல எனக்கு என்ன கோவம்? கூரை ஒழுகுச்சு, மாத்துனேன். இதுல ஒரு உள்நோக்கமும் கிடையாது. ஊர்ல பேசுதாவ, "பழி வாங்கதுக்கு மாசம் பாத்துப் பிரிச்சா"ன்னு. மாசத்தை நானா பாத்தேன்? கொத்தனாரு வந்த மாசம் அது.

அன்னைக்கு மத்தியானம் மழை புடிச்சுது. மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வந்தது, வந்த வேகத்துல ஒரே கொட்டு. வீட்டுக்காரவுக ரேஷன் கடையில நிக்காவ. வேலாயுதம் வயலுக்குப் போயிட்டான். வடிவு சுக்குக் கசாயத்துக்கு ஏதோ வாங்க மருந்துக் கடைக்குப் போனது எனக்குத் தெரியும். "கதவைப் பூட்டிக்கோ, இந்தா வந்துருதேன்"ன்னு மககிட்டச் சொல்லிட்டுப் போனதைக் கேட்டேன். அந்தப் பக்கம் ரஞ்சனி மட்டும். இந்தப் பக்கம் நான் மட்டும்.

தார்ப்பாயில தண்ணி தேங்கி தொந்தி வயிறு மாதிரி தொங்குது. தார்ப்பாய்க் கயித்தை ஒரு முனையில மோட்டுவளையிலதான் கட்டியிருந்தானுவ. அந்தக் கனத்துக்கு மோட்டுவளை இந்தப் பக்கமா இழுபடுது. என் கண்ணு முன்னால இழுபடுது தம்பி. ஒரு கம்பை எடுத்துத் தார்ப்பாயைக் குத்தித் தண்ணியைத் தள்ளுவோம்னு போறேன். அதுக்குள்ள அந்தப் பக்கத்துல ஒரு ஓடு சறுக்கி விழுந்து உடைஞ்சுது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வரிசையா.

"அம்மா!"ன்னு கத்துனா. அம்மா இல்லன்னு தெரிஞ்சதும், "பெரியம்மா! பெரியம்மா!"ன்னு கத்துனா.

எங்களைப் பெரியம்மா பெரியப்பான்னு அந்தப் பிள்ளை கூப்பிட்டு எத்தனையோ வருசமாச்சு. நான் இந்தச் செவுரோரமாத்தான் நின்னேன். கேட்டுது. நல்லாக் கேட்டுது. நான் உடனே பதில் சொல்லலங்கது வாஸ்தவம். எவ்வளவு நேரம் நின்னேன்னு மட்டும் கேக்காதிய. மழை இரைச்சல், ஓடு விழுத சத்தம். மனுசிக்கு நாக்கு ஒட்டிக்கிடாதா? பயம் தம்பி. பயத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. நீங்க வேற எதையும் நினைச்சுக்கிடாதிய.

பெறவு சாரத்து ஏணியில ஏறுனேன். இந்த வயசுல, மழையில, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏறிச் செவுருக்கு மேல எட்டிப் பாத்தேன். ரஞ்சனி நடுவீட்டுல நிக்கா. ரெண்டு கையையும் வயித்துக்கு மேல குறுக்கக் குடுத்து, குனிஞ்சு நிக்கா. வாசலுக்கு ஓட வழியில்ல, அந்தப் பக்கந்தான் ஓடு பொலபொலன்னு கொட்டுது. அண்ணாந்து என்னையப் பாத்தா. என் மூஞ்சிக்கு ரெண்டு முழத்துல மோட்டுவளை அசையுது.

"செவுரோரம் வா! செவுரை ஒட்டி நில்லு! ஒட்டி நில்லுட்டீ!"ன்னு கத்துனேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வாயில வந்துட்டு. அவ ஓடி வந்து இந்தச் செவுருல முதுகைச் சாச்சு ஒட்டிக்கிட்டா. நான் ஏணியில இருந்து இறங்குனேனா, விழுந்தேனான்னு தெரியல. மோட்டுவளை புரண்டு இந்தப் பக்கமா வந்து விழுந்தது. அந்தப் பக்கத்துக் கைமரம் எல்லாம் தலைசாஞ்சு ஒரே சத்தத்தோட இறங்குது. நான் கண்ணை மூடிட்டேன். முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவளும் முடிஞ்சா, வயித்துல உள்ளதும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

முடியல. இறங்குன கைமரத்தைப் பூராவும் இந்தச் செவுரு பிடிச்சுக்கிட்டு. செவுரு உச்சியில வந்து வரிசையாத் தங்கிட்டு. ரஞ்சனி அதுக்குக் கீழ நிக்கா, பந்தலுக்குக் கீழ நிக்க மாதிரி. தலையில தூசி. வேற ஒண்ணுமில்ல.

ஆளுவ ஓடி வந்தாவ. முடுக்குக் கதவை உடைச்சு வெளிய கொண்டு வந்தாவ. வடிவு நனைஞ்சு ஓடியாந்து மகளைக் கட்டிப் பிடிச்சு அழுதா. ரஞ்சனிக்கு வலி வந்துட்டு. ஒம்பதாம் மாசம்தான் நடக்கு. ஆட்டோ வரவழைச்சு, எங்க வீட்டுக்காரவுக கை பிடிச்சு ஏத்தி, அவுகளே கூட அம்பைக்குப் போயிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கலியாணம் முடிஞ்ச நாள்ல இருந்து முதல் தடவையா எங்கிட்டக் கேக்காம ஒரு காரியம் செஞ்சாவ.

நான் இங்கன இருந்தேன். மேல வானம், நடுவுல மரக்குவியல். அம்பை ஆஸ்பத்திரி. அதே ஆஸ்பத்திரி, அதே ஐப்பசி. எங்க பிள்ளையைத் துணியில சுத்திக் குடுத்ததும் அங்கனதான். நான் போகல. எப்படிப் போவேன்? பிள்ளையார் கோயில்ல போயி நின்னேன். நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும்னுதான் கேட்டேன். வேற என்ன கேப்பேன்? வேற எதையும் கேக்கல. கேக்கலன்னு சாமிக்குத் தெரியும்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் அவுக திரும்பி வந்தாவ. "ஆம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ"ன்னாவ. சொல்லிட்டு, துண்டைத் தலையில போட்டு உக்காந்து அழுதாவ. எங்க பிள்ளை போன அன்னைக்குக்கூட அழாத மனுசன். ஏன் அழுதியன்னு நான் கேக்கல. நானும் மூச்சு விட்டேன். நல்லவேளை, நம்ம மேல பழி வரலன்னு நினைச்சேன்.

பெறவு வேலையெல்லாம் மடமடன்னு நடந்தது. அந்தப் பக்கத்துக்கு வீட்டுக்காரவுகளே நின்னு தகரம் போட்டுக் குடுத்தாவ. நான் தடுக்கல. செவுருக்கு மேல பெல்ட் காங்கிரீட் போட்டு, அந்தத் தொறப்பை அடைச்சு, தளம் போட்டாச்சு. ஊர்ல எனக்கு ஒரே பேரு. "ஆவுடை மட்டும் செவுரோரம் போன்னு சொல்லலன்னா அந்தப் பிள்ளை இல்ல"ங்காவ. ஏசுன வாயெல்லாம் புகழுது. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். கேக்க நல்லாத்தான் இருந்தது.

போன வாரம்தான், வடிவு வந்தா. இந்தத் தடவை படியில நிக்கல. நேரா உள்ள வந்து, பிள்ளையைக் கொண்டாந்து என் மடியில வச்சா. நல்ல கனம் தம்பி. தலை நிறைய முடி. விரலை நீட்டுனா பிடிச்சு இழுக்கான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டுக்காரவுக அங்கன வாசல்ல நின்னு சிரிக்காவ.

வடிவு தரையில உக்காந்து என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க இல்லன்னா இவன் இல்லக்கா"ன்னா. அதோட நிறுத்தியிருக்கலாம்லா? நிறுத்தல. அழுதுக்கிட்டே சொல்லுதா. "இத்தனை இடிச்சும் இவனுக்கு ஒண்ணும் ஆகலக்கா. இந்தச் செவுருதான் என் மகளைத் தாங்கிச்சு. செவுரு யாரையும் ஒண்ணும் செய்யாதுக்கா. அன்னைக்கும் செய்யல. இனிமேலாவது நம்புங்கக்கா. நாங்க உங்க பிள்ளையைக் கொல்லல."

பிள்ளையைத் தூக்கி அவ கையில குடுத்துட்டேன். "எந்திரிச்சுப் போ"ன்னேன். அவ திகைச்சுப் போயி நிக்கா. எங்க வீட்டுக்காரவுக "ஆவுடை, ஆவுடை"ங்காவ. கதவைச் சாத்திட்டேன். இப்பம் திரும்பவும் ஊரு ஏசுது, பச்சைப் பிள்ளையைப் பாத்துப் பொறாமைப்படுதேன்னு. பொறாமையா தம்பி எனக்கு?

அவ சொன்னது பொய்யின்னா நான் சும்மா விட்டிருப்பேன். நாலு வார்த்தை ஏசிட்டுப் பிள்ளையை மடியிலயே வச்சிருந்திருப்பேன். அவ சொன்னது மெய்யாப் போச்சே. வேலாயுதம் செவுருதான் எழுப்புனான், நான் கூரையையே பிரிச்சேன். நான் போடாத குத்தா, நான் கிளப்பாத சத்தமா? அந்தப் பிள்ளை மேல ஒரு கீறல் இல்ல. அப்பம் ரெண்டு ஆளு வானம் தோண்டுன சத்தத்துலயா எம்பிள்ளை போயிட்டு? அன்னைக்கு டாக்டரம்மா என்னமோ சொன்னாவ, என் உடம்புல உள்ள கோளாறுன்னாவ. நான் காதுல வாங்கல. எனக்கு அது தேவையில்லாம இருந்தது. எனக்குத்தான் வடிவு இருந்தாளே.

காலையில எந்திரிச்சா அவ சத்தம் கேக்கும். எம்பிள்ளையை முழுங்குனவ அங்கிட்டு நடமாடுதான்னு நினைச்சுக்கிட்டே நான் அடுப்பு பத்த வைப்பேன். இத்தனை வருசமும் அப்படித்தான் விடிஞ்சுது. எம்பிள்ளையைப் பூராவும் அவ தலையில இறக்கி வச்சிருந்தேன். அவளும் ஒண்ணும் பேசாமச் சுமந்துக்கிட்டுத்தான் இருந்தா. இப்பம் பேரனோட வந்து, இந்தாக்கா, உங்க சுமை இதுன்னு என் மடியிலயே வச்சுட்டுப் போயிட்டா. நான் அதை எங்க கொண்டுபோயி இறக்குவேன், சொல்லுங்க?